ஆக்ராவிலிருந்து வந்த தீட்டு

தொண்ணூறுகளில், நான் ஓய்வு பெற்ற புதிதில், குறுக்குத்துறைப் படித்துறையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ரயிலை விட்டு இறங்கி நேராக வந்திருந்தார். வெயிலில் மூக்குத்தோல் உரிந்திருந்தது. காதில் கற்றையாக நரைமுடி. பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, உடுத்திய வேட்டி சட்டையோடு ஆற்றில் முங்கினார்.

துக்கத்துக்குப் போய் வருகிறார் என்று நினைத்து, "யாரு அண்ணாச்சி தவறிட்டா?" என்று கேட்டேன்.

"ஒரு ராஜா பொண்டாட்டி. ஆக்ராவுல."

தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வருகிறாராம். முன்பு எகிப்துக்குப் போய்ப் பிரமிடு பார்த்துவிட்டு வந்தபோதும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தாராம்.

அரசாங்க விதிகளைக் கரைத்துக் குடித்தவன் நான். சும்மா இருக்க முடியவில்லை. "முந்நூறு வருஷத்துக்கு முந்தின சாவுக்கெல்லாம் தீட்டு கிடையாது" என்றேன்.

"பொணம் உள்ளதான வே இருக்கு?"

அதற்கு எந்த விதியும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் விடவில்லை.

"பாக்கவேண்டிய எடம்னு ஊர் ஊரா எதக் காட்டுதான்? பாதி சுடுகாடு வே. அதுக்கு டிக்கெட் வேற."

"பொறவு ஏன் அண்ணாச்சி போறீய?"

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"எம் பொண்டாட்டிய எரிச்சி, சாம்பல இந்த ஆத்துலதான் கரைச்சோம். போயிப் பாக்க ஒரு கல்லு கெடையாது. அதான், மத்தவன் எப்படிக் கட்டி வச்சிருக்கான்னு பாத்துட்டு வாரேன்."

துண்டைப் படியில் போட்டுவிட்டு, மறுபடியும் ஆற்றில் இறங்கி நெடுநேரம் முங்கிக் கிடந்தார். அது ராஜா பொண்டாட்டியின் தீட்டுக்காகத்தானா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.