வெயில் யாரை அடிக்கிறது?

டீச்சர் மார்க்கரின் மூடியைத் திறக்காமல் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பலகை வெள்ளையாகக் கிடக்கும். பிள்ளைகள் நெளிவார்கள், பக்கத்துப் பிள்ளையை இடிப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள். "கேட்டாத்தான் கடை திறக்கும்," என்பார். யாராவது ஒரு கேள்வி கேட்கிறவரை எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாடம் தொடங்காது.

மற்ற நாட்களில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்க வேண்டும். "வாரம் பூரா நான்தானே கேக்கறேன். சனிக்கிழமையாவது என்னை யாராவது கேக்கட்டுமே," என்று சிரிப்பார். கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பியே கட்டுவார். அவர் நேரம் பார்ப்பது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதாம்.

திறந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் பெற்றோர் நாங்கள் காத்திருப்போம். ஊரை விட்டு வந்த இடத்தில் பிள்ளைக்குத் தமிழ் ஒட்டுமா, ஒட்டாதா என்ற கவலை எல்லார் முகத்திலும் இருக்கும். என் முகத்தில் கொஞ்சம் கூடுதலாக.

ஒரு நாள் என் மகள் கை தூக்கினாள். "டீச்சர், வெயில் அடிக்குதுன்னு சொல்றோமே, யாரை அடிக்குது?"

மூடி திறந்தது. "நல்லா மாட்டிவிட்டியேம்மா என்னை! வேற என்னெல்லாம் அடிக்கும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

காற்று அடித்தது. மணி அடித்தது. "எங்கப்பா தலைக்கு டை அடிச்சார் டீச்சர்!" வெளியே ஓர் அப்பா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "காப்பி அடிக்கிறதுன்னா குடிக்கிறதா?" "பரீட்சையில குடிச்சுப் பாரு, வெளிய அனுப்பிடுவாங்க," என்றார் டீச்சர். இத்தனைக்கும் ஏன் ஒரே சொல் என்று கேட்டபோது, "எனக்கும் தெரியலையே, கண்ணுங்களா," என்று உதட்டைப் பிதுக்கினார். வீடு வரும்வரை மகள் எதையெதை அடிக்கலாம் என்று கேட்டுத் துளைத்துவிட்டாள். யாரும் சொல்லாமல் அவள் தமிழில் வாய் திறந்தது அன்றுதான்.

பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. "ஒரு வகுப்பு பூரா அடி, அடின்னே போயிருக்கு. இதுக்கா காரை எடுத்துட்டு வர்றோம்?" ஆண்டுப் பரீட்சை வருகிறது, பாதிப் புத்தகம் பாக்கி. அதுவும் பொய்யில்லை. வகுப்பை நடத்தும் சங்கத்தின் செயலாளர் வந்து தன்மையாகத்தான் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நாங்க முடிவு பண்ணியிருக்கோம். முதல்ல பாடம். கேள்வியெல்லாம் கடைசி அஞ்சு நிமிஷம்."

"சரிங்க," என்றார் டீச்சர்.

பிறகு என்னிடம் சொன்னார்: "'நாம'ன்னு சொல்லல, கவனிச்சீங்களா? 'நாங்க'ன்னார். அங்கேயே என்னை வெளிய நிறுத்திட்டார். யோசிச்சுச் சொல்றேன்னாவது சொல்லியிருக்கலாம். வகுப்பே கையை விட்டுப் போயிடுமோன்னு பயந்து, பட்டுனு சரின்னுட்டேன். அந்த ஒரு 'சரி'யைத் திருப்பி வாங்க முடிஞ்சா..."

அடுத்த வகுப்பில் பறவைகள் பாடம். மகள் கை தூக்கினாள். "காக்கா கரையுதுன்னு போட்டிருக்கு டீச்சர். தண்ணியிலயா கரையுது?" டீச்சரின் முகம் மலர்ந்தது. பிறகு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "அப்புறம்மா. பாடம் முடியட்டும்."

முடிந்ததும் ஆசையாகக் கேட்டார்: "உன் கேள்வி என்னம்மா?"

"மறந்துட்டேன் டீச்சர்."

அதன் பிறகு கடைசி ஐந்து நிமிடங்களில் நாற்காலி இழுக்கும் சத்தம்தான் கேட்டது. ஒரே ஒரு சனிக்கிழமை மகளின் கை மறுபடி எழுந்தது. "இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?" "வரும்மா," என்றார். மொத்த வகுப்பும் குனிந்து எழுதியது. "இப்பத்தான் வகுப்பு வகுப்பா இருக்கு," என்றது பெஞ்சு.

போன வாரம் வகுப்பு கலைந்துகொண்டிருந்தது. டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தார். பின்வரிசையில் என் மகளின் கை உயர்ந்திருந்தது.

"சொல்லும்மா, சொல்லு!" துடைப்பானைக் கீழே போட்டுவிட்டு நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். ஜாக்கெட்ல கை மாட்டிக்கிச்சு."

டீச்சர் உள்ளே சுருண்டிருந்த அந்த ஜாக்கெட் கையை இழுத்து நேராக்கி, விரல்கள் மறுமுனையில் வெளியே வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.