ரோமெட்டின் கையும் என் இடது காலும்

ரோமெட்டோடு நான் பேசி நாலு வருஷம் ஆகிறது. அவனை மெச்சி எழுத ஊரே இருக்கிறது. திட்டி எழுத நான் ஒருவன்தான் இருக்கிறேன், அதனால் நானே எழுதுகிறேன்.

பனிச்சறுக்கு பூட்ஸைக் காலுக்குப் பொருத்திக் கொடுப்பது அவன் தொழில். மலையேறும் லிஃப்டுக்கு எதிரிலேயே கடை. தலைநகர் வியன்னாவிலிருந்து எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றியாக வேண்டும். என்ன அளவு என்று அவன் கேட்கவே மாட்டான். பூட்ஸின் மெத்தை உறையை உருவி எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடச் சொல்வான். கால்விரல் முன்னால் லேசாக முட்ட வேண்டும், குதிகாலுக்குப் பின்னால் அவனுடைய இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் அந்த பூட்ஸ் அலமாரிக்குத் திரும்பிப் போய்விடும்.

"கொஞ்சம் தாராளமா இருந்தா நல்லா இருக்குமே" என்று யாராவது இழுத்தால் தொலைந்தார்கள்.

"தாராளமா வேணும்னா குளியல் தொட்டி வாங்கிக்கோங்க. பூட்ஸ்னா காலைப் பிடிக்கணும். கால் உள்ளே உலாத்துச்சுன்னா முட்டி போயிடும்."

இரண்டு காலுறை போட்டுக்கொண்டு வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவான். அடுப்புப் பக்கத்தில் காயவைத்த உறையை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். எங்கள் பங்குச் சாமியார் ஒருமுறை பூட்ஸை ராத்திரி முழுக்கக் காரிலேயே போட்டுவிட்டு, காலையில் விறைத்துப் போன ஓட்டைப் பலவந்தமாக விரித்துக் கீறல் விட வைத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க ரோமெட் அவருக்கு வேலை செய்யவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவன் அங்கேயே அவரைத் திட்டிவிட்டு வந்தான் என்றுகூட ஒரு பேச்சு.

பொருத்தும்போது கட்டைவிரலால் பாதம் முழுக்க அழுத்திக்கொண்டே போவான். இங்க வலிக்குதா, இங்க? முடித்ததும் எழுந்து, கையை ஏப்ரனில் துடைத்து, நீட்டுவான். கை குலுக்கினால் வேலை முடிந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் மாடு விற்றாலும் மனை விற்றாலும் கை கொடுத்தால் போதும், அதற்கு மேல் பேச்சில்லை.

நான் இருபத்தேழு வருஷம் பனிச்சறுக்கு வாத்தியாராக இருந்தேன். சின்னப் பிள்ளைகளின் வகுப்பு என்னுடையது. வாத்தியார்கள் போடும் அந்தச் சிவப்பு ஜாக்கெட்டைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள் புது பூட்ஸுக்காக அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்லடா, நல்லாதான் இருக்கு."

"டேய் ஃப்ளோரின், நான் கையை எடுத்து ரெண்டு நிமிஷம் ஆச்சு."

சர்க்கரை வியாதி. இடது பாதம் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப் போயிருந்தது. எனக்குத் தெரியும், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

"சென்ஸுக்குத் தெரியுமா?" என்றான். சென்ஸ்தான் எங்கள் பனிச்சறுக்குப் பள்ளியின் தலைவி. மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"தெரிஞ்சா அன்னிக்கே ஜாக்கெட்டைக் கழட்டிடுவா. மூச்சு விடமாட்டேன்னு கை கொடு."

யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு கொடுத்தான். தினமும் சாயங்காலம் லிஃப்ட் நின்றதும் கடைக்கு வந்து பாதத்தைக் காட்ட வேண்டும் என்பது அவன் போட்ட நிபந்தனை. இரண்டு குளிர்காலம் அப்படியே போனது. மண்டியிட்டு, விளக்கைக் கிட்டே இழுத்து, விரல் விரலாகப் பார்ப்பான். எங்காவது சிவந்திருந்தால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஓட்டைச் சூடாக்கிப் பிதுக்கிவிடுவான். இறைச்சி உருண்டை போட்ட சூப்பில் எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருப்பான். அண்ணன் தம்பிகூட அப்படிச் செய்யமாட்டார்கள்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் வாத்தியார் பூட்ஸுக்குள் எதையாவது போட்டுவைப்பது எங்கள் ஊர் வழக்கம். வாத்தியார் ஐயோ அம்மா என்று குதிக்க வேண்டும், பிறகு எல்லோருக்கும் ஜாம் வைத்த பன் வாங்கித் தர வேண்டும். அந்த வருஷம் ஒன்றையும் காணோம், மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்து மத்தியானம் வரை சறுக்கினேன். சாப்பாட்டு நேரத்தில் ஃபீனி என்ற ஏழு வயதுப் பெண் வந்து என் முகத்தையே பார்த்தாள்.

"வாத்தியாரே, கொட்டை குத்தலையா?"

"எந்தக் கொட்டை?"

"ஹேசல் கொட்டை! ரெண்டு போட்டோமே!"

நான் ஐயோ என்று கத்தி, வலது காலைத் தூக்கிக்கொண்டு குதித்தேன்.

"அந்தக் கால் இல்ல" என்றாள் ஃபீனி.

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நான் பன் வாங்கிக் கொடுத்தேன்.

லிஃப்ட் நின்றதும் ரோமெட் உறையை உருவினான். கொட்டை ஓட்டுத் தூளும் ரத்தமும் ஒன்றாய்ப் பிசைந்து கிடந்தன. கழுவிக் கட்டுப் போட்டான். திட்டவே இல்லை. எதற்கெடுத்தாலும் திட்டுகிறவன் திட்டாமல் இருந்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

"சீசன் முடியட்டும்டா."

"முடியும்போது பாதம் இருக்காது."

"கை கொடுத்திருக்கே. ஞாபகம் வெச்சுக்கோ."

அவன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். சென்ஸ் அலுவலக அறைக்குக் கூப்பிட்டாள்.

"ஜாக்கெட்டைக் கொடுத்துடு, ஃப்ளோரின்."

"அந்தச் சின்னக் குட்டி சொல்லிச்சா?"

"ரோமெட் சொன்னான். நேத்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்திருந்தான்."

என் காலுக்குக் கட்டுப் போட்ட கையைக்கூட அவன் கழுவியிருக்கமாட்டான், நேராக அங்கே போயிருக்கிறான். கடைக்கு ஓடினேன். ஒரு பூட்ஸ் ஓட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா?"

"கால் அழுகிட்டிருந்துச்சு. வேற வழி தெரியல."

"சொல்லணும்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமேடா! 'நான் போய்ச் சொல்லப் போறேன் ஃப்ளோரின், ஆனதைப் பார்த்துக்கோ'ன்னு. அந்த பெஞ்சுலதானே உக்காந்திருந்தேன்!"

அவன் பூட்ஸ் ஓட்டைத் திருப்பி மறுபக்கம் சூடு காட்டினான். அந்த வசந்தத்தில் பள்ளியின் வாடகை பூட்ஸ் வேலை மொத்தத்தையும் சென்ஸ் அவனுக்குக் கொடுத்தாள். அது எப்படியும் அவனுக்குத்தான் வந்திருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். நான் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை.

வேலை போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதத்தையே எடுத்திருப்போம் என்றார் டாக்டர். போய் நன்றி சொல்லு என்று ஊரே என்னைப் பிடுங்கியது. யாருக்கு? துரோகிக்கா? நான் இப்போது லிஃப்ட் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறேன். புது வாத்தியாரின் பின்னால் வரிசையாகப் போகும் பிள்ளைகள் டிக்கெட் கூண்டுக்குள் இருக்கும் எனக்குக் கை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

இந்த டிசம்பரில், பூட்ஸ் சரியாகப் பொருந்தினால் தாழ்ந்த சரிவில் மட்டும் சறுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இன்ஸ்ப்ரூக் நகரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். மெஷினில் காலைப் படம் பிடித்தார்கள். ஒரு பெண் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, "வலிக்குதா சார்?" என்றாள். இல்லை என்றேன். "அப்போ கச்சிதமா இருக்கு சார்." யார் கேட்டாலும் என் கால் இல்லை என்றுதான் சொல்லும். கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் ரோமெட் கடைக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றினேன். வேறு எங்கே போவேன்?

வலிக்குதா என்று என்னை அவன் கேட்கவில்லை. பாதத்தில் எலும்பு துருத்தும் இடங்களில் உதட்டுச் சாயத்தைப் பூசி, காலை ஓட்டுக்குள் விட்டு, எடுத்து, உள்ளே எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அங்கே அரத்தால் தேய்த்தான். மறுபடி பூசினான். பதினோரு தடவை. காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினான். அவன் தலை நன்றாக நரைத்துவிட்டது, மேலிருந்து பார்க்கும்போது தெரிந்தது.

கடைசியில் எழுந்தான். ஏப்ரனில் கையைத் துடைத்தான். நீட்டினான்.

நான் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கண்ணாடிக் கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தபோது கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

அடுத்த நாள் முழுக்கச் சறுக்கினேன். சாயங்காலம் வீட்டில் கழற்றி, விளக்கைக் கிட்டே இழுத்து, விரல் விரலாகப் பார்த்தேன். எங்கேயும் ஒரு சிவப்புகூட இல்லை. பாவி, வேலை அவ்வளவு சுத்தம்.

அவனுடைய இந்தக் கையைத்தான் நான் நம்பினேன்.