அடைக்கலத்தின் பதினான்கு நாள் டூட்டி

1. குழம்பின் மேல் ஒரு பழி

"அண்ணே, எங்க வீட்டுக் கொழம்பு மேல ஒரு பழி கெடக்கு. அத நீங்க எழுதி எடுத்து விடணும்."

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் மச்சானின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதன் ஓரத்தில் எனக்கு ஒரு மேசையும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் உண்டு. ராணுவத்தில் இருபத்தாறு வருஷம் கிளார்க் வேலை பார்த்து, நாயப் சுபேதாராக வெளியே வந்தவன் நான். சர்வீஸில் இருந்தவரை துப்பாக்கிக்காரர்கள் எங்களைப் 'பேனா பட்டாளம்' என்று கேலி செய்வார்கள். ரிட்டயர் ஆனபிறகு அதே ஆட்கள்தான் பென்ஷன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருகிறார்கள். நானும் மனசுக்குள் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுக்கிறேன். எத்தனையோ விதமான மனு எழுதியிருக்கிறேன். ஆனால் குழம்புக்காக மனு எழுதச் சொல்லி அதுவரை யாரும் வந்ததில்லை.

வந்தவர் பெயர் வள்ளிக்கண்ணு. வல்லத்திராக்கோட்டையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார். பின்னால் கைகட்டி நின்றவர் அவர் கணவர், ஹவில்தார் அடைக்கலம். சிக்னல் பிரிவில் லைன்மேன். போன் கேபிள் இழுப்பதும், அறுந்தால் ஒட்டுவதும் வேலை. பணியில் இருக்கும்போதே மாரடைப்பு வந்து, ரெண்டு ஸ்டென்ட் வைத்து, இரண்டு வருஷம் லேசான வேலையில் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவர்.

ராணுவத்தை விட்டு வெளியே வரும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு என்று டாக்டர்கள் குழு ஒன்று பரிசோதிக்கும். நோய் இருந்தால் அது பணியால் வந்ததா, பணியால் கூடியதா என்று எழுதுவார்கள். இரண்டில் ஒன்று ஆம் என்றால் ஊனமுற்றோர் பென்ஷன் உண்டு. அடைக்கலத்துக்கு இரண்டுமே இல்லை என்று எழுதிவிட்டார்கள். உடல்வாகு, உணவு, வாழ்க்கை முறை ஆகியவை காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியை ஊரில் யாரோ படித்தவர் அடைக்கலத்தின் அம்மாவுக்குத் தமிழில் விளக்கிவிட்டார்.

"'உணவு'ங்கிறதுக்கு மேல எங்க மாமியா காதுல எதுவுமே ஏறலண்ணே," என்றார் வள்ளிக்கண்ணு. "ஒன் கறிக்கொழம்புதான் எம்புள்ள நெஞ்ச அடச்சிருச்சுன்னு தெருவெல்லாம் சொல்லியாச்சு. கவருமெண்டே எழுதிருச்சாம். நா கறி வச்சு மாசம் அஞ்சாச்சு. கல்யாணம் காச்சின்னு போனாக்கூட பொம்பளைக எங்கிட்ட, 'எண்ணெயக் கொறச்சு ஊத்து வள்ளி'ங்கிறாளுக. பென்ஷன் வந்தா வருது, வராட்டி போகுது. அந்தப் பேப்பர மாத்தணும்."

அடைக்கலத்தைப் பார்த்தேன். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நோ ப்ராப்ளம் சாப்," என்றார்.

2. என் கெட்டிக்காரத்தனம்

அப்பீல் போட ஆறு மாதம் அவகாசம். ஆறாவது மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. நான் அசரவில்லை. என் கம்ப்யூட்டரில் இதய நோய்க்கு என்றே ஒரு ரெடிமேட் அப்பீல் உண்டு. 'கடும் குளிர், குடும்பப் பிரிவு, பணிச்சுமை, மன அழுத்தம்' என்று கண்ணீர் வரும்படி மூன்று பக்கம். பெயரையும் நம்பரையும் மாற்றினால் போதும். இருபது நிமிஷத்தில் அடித்து, கையெழுத்து வாங்கி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

"இவ்வளவு சீக்கிரமாவாண்ணே?" என்று வள்ளிக்கண்ணு கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழு மாதம் கழித்து மூக்கறுபட்டேன். அப்பீல் தள்ளுபடி. மனுதாரர் நோய் தாக்குவதற்கு முந்தைய பதினான்கு நாளும் பின்தளக் கேம்ப்பில் லேசான வேலையில்தான் இருந்திருக்கிறார், ஆகவே பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று எழுதியிருந்தார்கள்.

இந்தப் பதினான்கு நாள் சங்கதியை இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இதய நோய் கேஸில் டாக்டர்கள் பார்ப்பது, மாரடைப்புக்கு முந்தைய பதினான்கு நாளில் ஆள் என்ன வேலை செய்தான் என்பதைத்தான். யூனிட்டிலிருந்து அதற்கு ஒரு படிவம் வரும். நாளுக்கு ஒரு வரி, மொத்தம் பதினான்கு வரி. எனக்கு இது தெரியும். தெரிந்தும் அந்தப் படிவத்தின் நகலை வாங்கிப் பார்க்காமல் அப்பீல் எழுதினேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

3. பதின்மூன்று டிட்டோ

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு நகல் வாங்கினேன். வந்த காகிதத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் வரியில் 'பின்தளக் கேம்ப், லேசான வேலை' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே பதின்மூன்று வரியிலும் ரெண்டு ரெண்டு சின்னக் கோடு. டிட்டோ, டிட்டோ, டிட்டோ.

ராணுவக் கிளார்க்குகளின் உயிர்நாடி இந்த டிட்டோ. முதல் வரியை எழுதிவிட்டு மிச்சத்தை ஸ்கேல் பிடித்ததுபோல் இழுத்துக்கொண்டே போவோம். நானே அதில் சூரன். ஒரு ரிஜிஸ்டர் பக்கத்தை டீ ஆறுவதற்குள் டிட்டோவால் நிரப்பியவன். அந்த முகம் தெரியாத கிளார்க்கைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

கூடவே இன்னொரு காகிதமும் வந்திருந்தது. மெடிக்கல் போர்டில் அடைக்கலம் கைப்பட எழுதிக் கொடுத்தது. உங்கள் நோய் பணியால் வந்ததாகக் கருதுகிறீர்களா என்பது கேள்வி. 'இல்லை' என்று முத்து முத்தான எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

இருவரையும் கடைக்கு வரச் சொன்னேன். காகிதத்தை நீட்டியதும் வள்ளிக்கண்ணு அதைப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மச்சான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டான்.

"இதுல எழுதியிருக்கிறது ஒங்க கையெழுத்தா?"

"ஆமா."

"அங்க இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து எங்கூட அப்பீலுக்கு அலையிறீகளா?"

"டாக்டர் மேஜர் சாப் முன்னாடி நிக்கிறேன். ஒடம்பு கெட்டதுக்கு ராணுவந்தான் காரணம்னு எப்பிடிப் புள்ள எழுதுறது? இருபத்திரெண்டு வருசம் சோறு போட்ட எடம்."

"அங்க போட்டது சோறு, நா போட்டது வெசமா?"

நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

4. காஜா பேசினான்

பதினான்கு நாளும் உண்மையிலேயே கேம்ப்பில்தான் இருந்தீர்களா என்று அடைக்கலத்திடம் கேட்டேன். "கடைசி மூணு நாளு கேம்ப்ல சாப். அதுக்கு முன்னாடி லைன்ல கொஞ்சம் வேலை இருந்துச்சு," என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டால், "சும்மா, ரொட்டீன்தான்" என்றார். இந்த ஆளிடமிருந்து வார்த்தையைப் பிடுங்குவதைவிட ஆலங்குடிக்கு நடந்தே போய்விடலாம் என்று தோன்றியது.

"கூட யார் இருந்தா?"

"காஜா இருந்தான். கோட்டைப்பட்டினத்துக்காரன். இப்ப அவனும் ரிட்டயரு."

போனைப் போடச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தேன். காஜா மைதீனுக்கு லேசில் பேச்சு நிற்காது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

"கொஞ்சம் வேலையா? அடைக்கலம் அண்ணனா அப்பிடிச் சொன்னாரு? சாப், பனி சரிஞ்சு மேல் போஸ்டுக்குப் போற லைனு அறுந்து போச்சு. நாங்க மூணு பேரு ஏறுனோம். ஒரு எடத்துல ஒட்டுனா இன்னொரு எடத்துல அறுக்கும். பதினோரு நாளு மேலேயே கெடந்தோம். எனக்கு ரெண்டாவது நாளே காச்ச. கேபிள் டிரம்மு இருக்குல்ல, நா தூக்க வேண்டியது, அதையும் அண்ணந்தான் முதுகுல கட்டிக்கிட்டாரு. நாப்பது தப்படி நடப்பாரு, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காருவாரு. என்னண்ணேன்னா, கேஸுடாம்பாரு. எங்கிட்ட இருந்த கேஸ் மாத்திரை பூராவும் தின்னு தீத்துட்டாரு. லைனு பேச ஆரம்பிச்சதும் தானா எறங்கி வந்தாரு. மூணாம் நாளு காலையில டீ கிளாஸோட கீழ விழுந்தாரு."

வள்ளிக்கண்ணு முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவ."

"இப்ப மட்டும் என்னவாம்?" என்று சொல்லிவிட்டு, அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை. மச்சான் சொல்லாமலேயே நாலு டீ வாங்கி வந்தான். அடைக்கலத்துக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.

5. சோற்றுக் கணக்கு

காஜாவின் வாய்மொழி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டில்லியில் உட்கார்ந்திருக்கும் அப்பீல் கமிட்டிக்குக் காகிதம் வேண்டும். காஜாவிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கினேன். அது நண்பன் சொன்னதுதானே என்று தள்ளிவிட வாய்ப்பிருந்தது. யூனிட்டின் டூட்டி ரிஜிஸ்டரைக் கேட்டேன். பாதுகாப்பு காரணமாகத் தர முடியாது என்று பதில் வந்தது.

ரெண்டு நாள் தலையைச் சொறிந்தேன். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் புத்தியில் பட்டது. ராணுவத்தில் ஒரு ஆள் கேம்ப் மாறினால் அவனுக்கு முன்னால் அவன் ராஷன் மாறும். கீழே ஒரு ஆளுக்குச் சாப்பாடு குறையும், மேலே ஒரு ஆளுக்குக் கூடும். டூட்டி ரிஜிஸ்டரில் கிளார்க் டிட்டோ போடலாம். ராஷன் கணக்கில் டிட்டோ போட்டால் சமையல்காரன் கரண்டியோடு வந்துவிடுவான். அங்கே ஒவ்வொரு நாளும் பெயரும் எண்ணிக்கையும் சரியாக இருக்கும்.

இடத்தின் பெயர் வேண்டாம், வரைபடம் வேண்டாம், இந்த நம்பருள்ள ஹவில்தார் இந்தப் பதினான்கு நாளும் எந்தச் சமையலறைக் கணக்கில் சாப்பிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள் என ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன். முப்பத்தோராம் நாள் பதில் வந்தது. முதல் பதினோரு நாள் முன்னணி போஸ்ட், உயர் மலை டின் ராஷன். கடைசி மூன்று நாள் பின்தளக் கேம்ப்.

அன்றைக்கு நான் கடையில் நின்று சல்யூட் அடித்தேன். மச்சான் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது அப்பீலை ரெடிமேட் இல்லாமல் எழுதினேன். பணிச்சுமை, மன அழுத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. நாளுக்கு ஒரு வரி, பதினான்கு வரி. எந்த நாள், எவ்வளவு தூரம் ஏறினார், முதுகில் என்ன இருந்தது, நெஞ்சு எத்தனை தடவை வலித்தது. அடைக்கலத்தை எதிரே உட்கார வைத்து, 'ரொட்டீன்' என்ற சொல்லை எடுத்தால் டீ கிடையாது என்று மிரட்டித்தான் ஒவ்வொரு வரியையும் வாங்கினேன். ஒரு முழுப் பகல் ஆயிற்று. கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தார். "இப்பிடியெல்லாம் நடந்துச்சுன்னு எனக்கே மறந்து போச்சு சாப்," என்றார்.

6. வள்ளிக்கண்ணுவின் சர்டிபிகேட்

பத்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இதய நோய் பணியால் கூடியது என ஏற்கப்படுகிறது, ஊனமுற்றோர் பென்ஷன் உண்டு. படித்துச் சொன்னதும் அடைக்கலம் அட்டென்ஷனில் நின்றார். வள்ளிக்கண்ணு மட்டும் நகரவில்லை.

"அண்ணே, இதுல கொழம்பு காரணமில்லைன்னு போட்டிருக்கா?"

"பணிதான் காரணம்னு ஒத்துக்கிட்டாங்கம்மா. அப்பிடின்னா கொழம்பு இல்லைன்னுதான அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் எங்க மாமியாகிட்ட எடுபடாது. எழுத்துல வேணும்."

எந்த அப்பீல் கமிட்டியும் அதை எழுதித் தராது. ஆகவே நான் உட்கார்ந்து தமிழில் அடித்தேன்: 'ஹவில்தார் அடைக்கலம் ஆகிய நான் அறிவிப்பது. எனக்கு நெஞ்சு வலி வந்தது மலையில், கேபிள் டிரம் சுமந்தபோது. அதற்கு முன் எட்டு மாதமாக நான் வீட்டுச் சாப்பாடே சாப்பிடவில்லை. என் மனைவியின் சமையலுக்கும் என் நோய்க்கும் சம்பந்தம் இல்லை. முன்பு மெடிக்கல் போர்டில் நான் எழுதிக் கொடுத்தது தவறு.' அடைக்கலம் ஒன்றுக்கு ரெண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு நானும் போட்டேன். ஒரு முத்திரை இருந்தால் நன்றாயிருக்கும் என்று வள்ளிக்கண்ணு சொன்னதால் ஜெராக்ஸ் கடை முத்திரையைக் குத்திக் கொடுத்தேன்.

வல்லத்திராக்கோட்டைக்கு நானும் கூடப் போனேன். அடைக்கலத்தின் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடைக்கலமே நின்றுகொண்டு முழுவதையும் உரக்கப் படித்தார். கிழவி கேட்டு முடித்துவிட்டு மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டு மாசமா வீட்டுச் சோறு திங்கலையாடா?"

"இல்லாத்தா. டின்னுல வரும். அதத்தான் சுட வச்சுத் திம்போம்."

"நெஞ்சு வலிச்சப்பவும் அதத்தான் தின்னியா?"

"ஆமா."

கிழவி கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஞாயித்துக்கெழம கறி எடுக்கச் சொல்லு வள்ளி. அவனுக்கு வேணாம், டாக்டரு வையும். எனக்கு. அள்ளையில எலும்போட எடு. நீ வைக்கிற மாதிரி இங்கிட்டு ஒருத்திக்கும் வைக்கத் தெரியாது."

வள்ளிக்கண்ணு, "சரிங்கத்த" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். உள்ளே அவர் அழுவது எங்களுக்குக் கேட்டது. முப்பது வருஷ எழுத்து வேலையில் என் மனு ஒன்று இப்படிக் கண்ணெதிரே பாஸ் ஆகி நான் பார்த்ததில்லை.

அந்த ரெடிமேட் அப்பீலை மறுநாளே கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். காகிதத்தில் இருப்பதுதான் நடந்தது என்று நம்பியே சர்வீஸை முடித்தவன் நான். இப்போது யார் வந்தாலும் முதலில் காகிதத்தை வாங்குவதில்லை. ஆளை உட்கார வைத்து, பக்கத்தில் வீட்டுக்காரியையும் உட்கார வைத்து, ஒவ்வொரு நாளாகக் கேட்கிறேன்.