சுடலைக்கண்ணனின் கண்ணாடி அறை

செம்பூரில் மூன்றாம் மாடி சுடலைக்கண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர். கோபத்தில் அவர் ஒருமுறை இருமியதில் தாராவியில் நாலு தகரக் கூரை கழன்று போயிற்று. பொய்யென்றால் அங்கேயே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இப்பேர்ப்பட்டவர் உருகியது ஓர் ஆர்க்கிட் செடிக்கு. பால்கனியைச் சுற்றிக் கண்ணாடி அடைத்து அதைக் குடிவைத்திருந்தார். வருஷக்கணக்காகப் பூக்காத செடி இந்த மழைக்காலத்தில் ஒரு மொட்டை நீட்டியது. சாரல் படக்கூடாதென்று இண்டு இடுக்கெல்லாம் சிலிக்கான் பசை பூசினார். எறும்பு நுழையக்கூட அவர் உத்தரவு வேண்டியிருந்தது.

அப்புறம்தான் சனி பிடித்தது. கண்ணாடி வியர்த்தது. பால்கனியின் உட்கூரையில் நீர் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டியது. இலைகள் கறுத்து அழுகின. மிச்சம் அந்த ஒரு மொட்டு. நேர் மேலே ஜாக்குலின் அம்மாளின் குளியலறை. வேறு சாட்சி எதற்கு?

தூத்துக்குடிக்கார அம்மாள், நர்ஸாக இருந்தவள். அவள் ஊசியை எடுத்தாலே கோமாவில் கிடந்தவன் எழுந்து ஓடுவானாம்.

"நர்சம்மா, ஒங்க பாத்ரூம் ஒழுகுது."

"அண்ணாச்சி, ஒம்ம மூளதான் ஒழுகுது. போம்."

போனார். சம்மட்டியோடு திரும்பி வந்தார். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்து, குளியலறைத் தரையில் ஓங்கி இறக்கினார். டைல்ஸ் சில்லு தெறித்து அவர் நெற்றி கிழிந்தது. அம்மாள் மாப் கட்டையால் முதுகில் வெளுத்தாள். அவர் உடைக்க உடைக்க அவள் அடித்தாள். அவள் அடிக்க அடிக்க அவர் உடைத்தார். மாப் கட்டைதான் முதலில் முறிந்தது.

டைல்ஸுக்கு அடியில் சிமெண்டு சுக்காய்க் காய்ந்து கிடந்தது.

"தண்ணி எங்க, அண்ணாச்சி?"

சுடலைக்கண்ணன் குனிந்து சிமெண்டைத் தடவிப் பார்த்தார். அம்மாள் சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாள். ரத்தத்தைத் துடைத்தபடி அவர் ஓடி வருவதற்குள், அவர் வீட்டுப் பால்கனியின் மேல்வரிசைக் கண்ணாடி தூள். அந்தச் சத்தத்தில் அணுசக்தி நகரில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் குனிந்துவிட்டார்கள். அவர் அவள் கழுத்தைப் பிடித்தார். அவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள். பிரித்துவிட வந்த வாட்ச்மேன் கேஷவுக்கு இரண்டு பக்கமும் அடி.

காலையில், செத்திருக்கும் என்று நினைத்து, செடியை எடுத்துப் போடத்தான் பால்கனிக்குப் போனார். உடைந்த இடம் வழியே காற்று தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தது. மிஞ்சிய கண்ணாடியில் ஈரமில்லை. மேலே ஒரு சொட்டு இல்லை. மொட்டு நிமிர்ந்து நின்றது. கண்ணாடிக்குள்ளேயே கட்டியிருந்த கொடியில் தொங்கிய தன் ஈர வேட்டியைப் பார்த்தார். தொட்டித் தண்ணீரைப் பார்த்தார். அந்த ஈரமெல்லாம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த கண்ணாடியிலும் கூரையிலும் படிந்து, தன் தலையிலேயே சொட்டியிருக்கிறது. கடிபட்ட மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது.

மத்தியானம் டைல்ஸ் பெட்டியும் சிமெண்டுமாக மாடியேறினார். அம்மாள் சம்மட்டியோடு கதவைத் திறந்தாள்.

"கோணலாப் பதிச்சீருன்னா, கீழ்வரிசைக் கண்ணாடி இன்னும் பாக்கி இருக்கு."

சுடலைக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்தார்.

"அதையும் உடச்சிருங்க தாயி. கீழ நுழைஞ்சு மேல போனாத்தான் காத்து ஓடும்."

"மொதல்ல டைல்ஸப் பதியும்," என்றாள் அம்மாள். சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை.