நான் வாய் திறக்காத சுற்று

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். என் எழுத்து வரிக்கு மேலும் கீழும் போகும், பிழையும் இருக்கும். பேச்சும் எனக்கு வராது. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சம்.

நான் சத்தம் போட்டதெல்லாம் லாரிக்குப் பின்னால் நின்றுதான். நாமக்கல்லில் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவன். யாருடைய வண்டி ரிவர்ஸ் எடுத்தாலும் என் வாய் தானாகவே கத்தும். "வா, வா, ரைட்ல ஒடி, ஹோல்டான்!"

என் மகள் பக்கத்து ஊர்க் குதிரைப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். லாயம் கழுவி, தீனி வைத்து, அங்கேயே ஓட்டவும் பழகினாள். இந்த ஆனியில் புதிதாகப் பழகியவர்களுக்கான தடை தாண்டும் போட்டி அங்கே நடந்தது. பண்ணை முதலாளியம்மா அவளுக்கு ஒரு செவலைக் குதிரையைக் கொடுத்து, "சுத்தை முழுசா முடிச்சுட்டீன்னா இனி எல்லாப் போட்டிக்கும் இது உன் குதிரை. பாதியில வெளியேத்திட்டாங்கன்னா வேற ஆளு பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

போட்டிக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மகள் வாசலில் முட்டை அட்டைகளை அடுக்கி, மேலே துணி காயப்போடும் கம்பை வைத்து எங்களுக்கு விதிகளைச் சொன்னாள்.

"கம்பு விழுந்தா நாலு தப்பு. குதிரை தாண்டாம நின்னாலும், பாதை தெரியாம வட்டம் அடிச்சாலும் நாலு. மூணாவது தடவ அப்படி ஆனா வெளிய. நம்பர் மாத்தித் தாண்டினா அப்பவே வெளிய."

"வேகமாப் போனா ஜெயிச்சரலாமா சாமி?" என்றாள் என் மனைவி.

"இல்லீங்மா. ஒரு நேரம் வெச்சிருப்பாங்க. தப்பு சமமா இருந்தா, அந்த நேரத்துக்கு யாரு கிட்டக்க வாராங்களோ அவங்கதான்."

"முன்னாடி வந்தாலும் ஏச்சு, பின்னாடி வந்தாலும் ஏச்சு. டவுன் பஸ்ஸாட்டம் இருக்குது!"

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, வெளிய நிக்கறவங்க வழி சொன்னாலும் என்னைத்தான் வெளியேத்துவாங்க."

"நானா பேசப்போறேன்?" என்று சிரித்தேன்.

போட்டியன்று மணி அடித்தது. தடைகள் முழங்கால் உயரம்தான். ஆனாலும் நான் வேலியோடு ஒட்டி நின்றுகொண்டேன். நான்காவது தடை வரை கம்பு எதுவும் விழவில்லை. ஐந்தாவது, அவளுக்கு வலப்பக்கம் பின்னால் இருந்தது. அவளோ நேராக ஏழாவதைப் பார்த்துப் போனாள்.

லாரியின் பின்பலகையைத் தட்டுவதுபோல என் கை வேலிக் கம்பியைத் தட்ட எழுந்துவிட்டது. தொண்டை வரை வந்துவிட்டது, "ரைட்ல ஒடி!" அதற்குள் மனைவி என் தோள் துண்டை இழுத்து வாயில் திணித்தாள்.

"இத்தனை வருசமா பேசுங்க பேசுங்கன்னேன், பேசல. இன்னைக்கு என்னத்துக்குங்க வாயத் தொறக்கறீங்க!"

நான் துண்டைக் கடித்தபடி நின்றேன். ஏழாவது தடை நெருங்கிவிட்டது. மகள் கடிவாளத்தை இழுத்தாள். தலையைத் திருப்பி ஐந்தாம் எண்ணைத் தேடினாள். வந்த வழியையே வெட்டிக்கொண்டு ஒரு வட்டம் அடித்து, தடைக்கு வலப்பக்கம் நட்ட சிவப்புக் கொடிக்கும் இடப்பக்கம் நட்ட வெள்ளைக் கொடிக்கும் நடுவில் நேராக நுழைந்து ஐந்தாவதைத் தாண்டினாள். அதன் பிறகு ஒரு கம்பும் அசையவில்லை.

வட்டம் அடித்ததற்கு நாலு தப்பு என்று மைக்கில் சொன்னார்கள். தப்பே இல்லாதவர்கள் முன்னால் இருந்ததால் பரிசு கிடைக்கவில்லை. முதலாளியம்மா செவலையின் கழுத்தைத் தட்டி, "கூட்டிட்டுப் போய்த் தண்ணி காட்டு, உன் குதிரைதான்" என்றார்.

மகள் வேலியருகே வந்து, "ஏம்ப்பா, வாயில துண்டு?" என்றாள்.

"உங்கம்மா போட்ட பிரேக்கு."

பின்னால் ஆள் நிற்காமல் வண்டியை ஒடித்து எடுப்பவனை எங்கள் ஸ்டாண்டில் தனி மரியாதையோடு பார்ப்பார்கள். நான் ஓட்டிய காலமெல்லாம் எனக்கு யாராவது கத்த வேண்டியிருந்தது. என் மகளுக்கு வேண்டியிருக்கவில்லை. இதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதினேன். எழுதி முடித்தது ஐப்பசி இரண்டாம் ஞாயிறு.