கீழ்க் குழாயில் இருந்த ஊர்கள்

அண்ணனுக்கு நாற்பத்து மூன்று வயதில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து பொழிச்சலூர் வீட்டுக்குத் திரும்பியபோது அவரிடம் மிச்சமிருந்தது ‘தா’ என்ற ஒரே எழுத்து. பசித்தாலும் ‘தா’, வலித்தாலும் ‘தா’, டிவியை நிறுத்தச் சொல்வதற்கும் ‘தா’. அதற்குக் கொடு என்று அர்த்தம் இல்லை, வாயில் வருவது அது ஒன்றுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் அவர் ‘தா’ என்றால் என் கை எதையாவது எடுத்து நீட்டிவிடும்.

அவருடைய சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ஷெட்டில் சாய்ந்து கிடந்தது. சைக்கிளிலேயே ஊர் சுற்றிக்கொண்டு வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், உடம்பு சரியில்லாமல் கோவளத்தில் பயணத்தை முடித்துக்கொண்டு, அதை அண்ணனுக்கு விற்றுவிட்டு விமானம் ஏறினார். தூரப் பயணத்துக்கென்றே செய்த ஸ்டீல் ஃபிரேம். பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் பை மாட்ட கேரியர். வருடத்துக்கு இரண்டு முறை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அண்ணன் அதில் தனியாகக் கிளம்புவார். எங்கே போகிறார் என்று நாங்கள் யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. திரும்பி வந்ததும் வெயிலில் கறுத்த முகத்தோடு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்.

சைக்கிள் வீணாக, அவர் படுக்கையில் இருந்த ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தது. ஃபிரேமின் நீலப் பெயின்ட் அங்கங்கே கொப்புளித்து, அடியில் துரு தெரிந்தது. அவருக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அண்ணி. காலை மடக்கி நீட்ட பிசியோதெரபிஸ்ட் வந்துபோனார். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. பெயின்டையெல்லாம் சுரண்டி எடுத்து, சைக்கிளைப் புதிதாக்கிக் கண்ணெதிரே நிறுத்தலாம் என்று நானாகவே முடிவு செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணி அனகாபுத்தூரில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். சக்கரம், செயின், பிரேக் எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றி வைத்திருந்தேன். அண்ணன் பார்க்கட்டுமே என்று அவர் நாற்காலியைப் பின்பக்கம் கொண்டுவந்து போட்டேன். பெயின்ட் ரிமூவரைத் தடவினால் பெயின்ட் சுருங்கிச் சுருங்கி எழும்பும். அதைத் தகட்டால் வழித்துவிட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மேல் குழாய் முடியும்வரை அண்ணன் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிரேமைக் கவிழ்த்துப் போட்டேன். கீழ்க் குழாயின் அடிப்பக்கம் சேறும் கிரீசும் காய்ந்து தடித்திருந்தது. அதன் மேலேயே ரிமூவரைத் தடவினேன்.

“தா,” என்றார் அண்ணன். “தா. தா.”

“என்னண்ணா, நீயும் தேய்க்கிறியா?”

இடது கையில் உப்புத்தாளைக் கொடுத்தேன். கீழே போட்டார். தண்ணீர் கொடுத்தேன், தள்ளிவிட்டார். பிறகு நாற்காலியிலிருந்து எக்கி, உள்ளங்கையை அந்தக் குழாயின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

“மருந்து பட்டா எரியும்ணா, எடு.”

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, ஈரத்துணியால் துடைத்து, நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்தினேன். அவர் அழ ஆரம்பித்தார். பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள் என்று டாக்டர் அதையும் சொல்லியிருந்தார். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் அண்ணி வந்தார். வெள்ளையாக மின்னிய குழாயைக் குனிந்து பார்த்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அடியில எதுக்கு தம்பி தேய்ச்சீங்க? அவர் எழுதி வெச்சிருந்தாரே.”

“என்ன எழுதியிருந்தார்?”

“போன ஊர் பேரெல்லாம். ஒவ்வொரு தடவையும் வந்ததும் ஆணியால கீறி வெப்பார். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“என்னென்ன ஊர் அண்ணி?”

“நான் எங்க அதப் படிச்சேன்? இருபது முப்பது இருக்கும்.”

அப்போது என்னிடம் கேமரா வைத்த செல்போன் இல்லை. இருந்திருந்தாலும் படம் எடுத்திருக்க மாட்டேன். அங்கே எழுத்து இருந்ததே எனக்குத் தெரியாது. ஃபிரேமை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஆணி ஆழமாக இறங்கிய ஓரிடத்தில் மட்டும் ‘கோட்டை’ என்று மங்கலாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்த எழுத்துகள் தேய்ந்துவிட்டன.

அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “புதுக்கோட்டையாண்ணா?” தலையாட்டினார். “பட்டுக்கோட்டையா?” அதற்கும் ஆட்டினார். “செங்கோட்டை?” ஆட்டினார். அவருக்கு ஆமாமும் இல்லையும் ஒன்றாகவே வந்தன. கடைசியில் “தாம்பரமா?” என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தபடி அதற்கும் தலையை ஆட்டினார். மன்னிச்சிடுண்ணா என்றேன். அப்போதும் அதே தலையாட்டல்தான்.

வெற்று இரும்பை அப்படியே விட்டால் இரண்டே நாளில் துரு ஏறிவிடும். மறுநாள் பம்மலில், ஆட்டோக்களுக்கு ஸ்பிரே அடிக்கும் ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். பெயின்டர் ஃபிரேமை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, வெய்ட்டே இல்ல. அடியில இன்னாவோ கீறிக்கீது பாரு. பட்டி வெச்சி அடச்சிரவா?”

“அத மட்டும் தொடாதீங்கண்ணா. அப்படியே இருக்கட்டும்.”

“கோட்டு மேல கோட்டு ஏறுனா அதுவா ரொம்பிக்கும் சார். நான் ஒண்ணியும் பண்ண முடியாது.”

துருவைத் தடுக்கும் பிரைமர் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. பழைய நீலத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துவந்த ஒரு நீலத்தைக் காட்டிவிட்டு வந்தேன். நான்காம் நாள் போனபோது ஃபிரேம் கண்ணாடிபோல வழவழவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் விரலை ஓட்டிப் பார்த்தேன். எதுவும் தட்டுப்படவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அண்ணன் இடது கையால் தானே தயிர்சாதம் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டில் சிந்தியதை வழித்து எடுப்பதில் மறுபடி முனைந்துவிட்டார். “நல்லாத்தான் வந்திருக்கு தம்பி,” என்றார் அண்ணி.

அடுத்த வாரம் கழற்றி வைத்ததையெல்லாம் மறுபடி பூட்டிச் சைக்கிளை நிறுத்தினேன். அண்ணன் உயரத்துக்குச் செய்த ஃபிரேம், எனக்குக் கால் எட்டாது. காற்றில்லாமல் கிடந்து டயர் விரிசல் விடக் கூடாது என்று மாதத்துக்கு ஒருமுறை அண்ணி காற்றடிக்கச் சொல்வார். நானும் அடித்து வைப்பேன்.