சீல் ரூம் பூவாயி

பூவாயிக்கு அந்த வேலை கிடைத்ததே அவள் கழுத்தில் தாலி இல்லாததால்தான். நான் சொல்லவில்லை, சூப்பர்வைசர் கலியமூர்த்தி அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். "கழுத்துல ஒண்ணும் இல்லாத ஆளு. இந்த வேலைக்கு இதாம்மா தோது." வாயில் வந்ததைக் கேட்டிருப்பேன். அவள்தான் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில், பியூஸ் கட்டை செய்கிற ஷெட்டுகளுக்கு நடுவில் எங்கள் கம்பெனி. இரண்டாயிரத்து ஏழில் மெட்டல் டிடெக்டர் செய்துகொண்டிருந்தோம். செம்புக் கம்பி சுற்றிய வளையத்தின் மேல் பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தி, தண்ணீரும் மண்ணும் நுழையாதபடி விளிம்பு முழுக்கப் பசை வைத்து அடைப்பது சீல் ரூமில் பூவாயி வேலை. டிடெக்டரை ஆன் பண்ணி வைத்தே அடைக்க வேண்டும், அப்போதுதான் கோளாறு தெரியும். குனிகிறவள் கழுத்தில் குண்டுமணித் தங்கம் இருந்தாலும் கத்தித் தீர்த்துவிடும். பூவாயி ஜாக்கெட் கொக்கியைக்கூட எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பட்டன் தைத்துக்கொண்டாள். சிலுவைத் தாலி போட்ட நானெல்லாம் பேக்கிங்கோடு சரி.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். யாரிடமும் வம்புதும்பு கிடையாது. அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து ஷெட்டில் சூளை அடுக்குகிற பழமலை மேல் பிரியம் வந்தது. அவரும் பெண்டாட்டியை இழந்தவர், நல்ல மனுஷன். எனக்குக் கொள்ளை சந்தோஷம்.

கலியமூர்த்திக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. "பண்ணிக்கம்மா, நல்லா இரு. ஆனா தெனம் தாலியக் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள வரணும். இல்லாட்டி வேற ஆளு பாத்துக்கறேன். பேக்கிங்லயும் எடம் இல்ல."

பூவாயி குரலை உயர்த்தவில்லை. "ஒரு தடவ ஊரே கூடி அறுத்தாங்க சார். இனிமே என் கையால கழட்ட மாட்டேன்."

"அப்ப வேலை?"

"வேலையும் வேணும் சார்."

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வைகாசியில் கொளஞ்சியப்பர் கோயிலில் கல்யாணம். பழமலை கட்டியது வெறும் மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம்! பந்தியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, பொட்டுத் தங்கத்துக்குக்கூடவா வக்கில்ல?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாங்கிட்டுத்தாங்க வந்தேன். உங்க பூவாயிதான் வேணாம்னுட்டுது."

திங்கட்கிழமை சீல் ரூம் வாசலில் கலியமூர்த்தி ஒரு டிடெக்டரோடு நின்றார். பூவாயி கையால் அடைத்ததுதான் அதுவும். அவள் கழுத்துக்கு நேரே காட்டினார். சத்தமில்லை. மேலும் கீழும் கொண்டுபோனார். சத்தமில்லை. சந்தேகத்தோடு தன் மோதிர விரலைக் காட்டினார், வீலென்று கத்தியது.

"இது தாலிதானாம்மா?"

"மஞ்சக்கெழங்கு கட்டுனாலும் தாலி தாலிதாங்க சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள போம்மா, போ."

உட்கார்ந்ததும் பூவாயி முதல் காரியமாகத் தாலியை ஜாக்கெட்டுக்கு வெளியே எடுத்துப் போட்டாள்.

"பசை படப் போவுது, உள்ள போட்டுக்கடி," என்று வாசலில் நின்றே சொன்னேன்.

"பட்டா படட்டுங்கக்கா. பாக்கறவங்க பாக்கட்டும்."